அவர் கன்னத்தில் ஏறிய நேவி புளூ

அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். திருப்பூரில் அருள்புரம் பக்கம் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். பேரன் பேத்தி எடுத்த வயதில் நான் முகச்சவரம் செய்யக் கற்றுக்கொண்டது அந்த வீட்டில்தான். எனக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு இப்போதே சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டிய இடம் பின்னால் வருகிறது.

என் வீட்டுக்காரர் சாயப்பட்டறைத் தொழிலாளி. பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுகிற வேலை. எந்நேரமும் சாயத் தண்ணீரில் புழங்குவதால் கை முழங்கை வரைக்கும், கால் முட்டி வரைக்கும் ஒரு வாரம் சிவப்பாக இருக்கும், மறுவாரம் பச்சையாக இருக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. அதற்குப் பழி வாங்குகிற மாதிரி முகத்தை மட்டும் அத்தனை சுத்தமாக வைத்திருப்பார். விடிந்ததும் ஜன்னல் கம்பியில் சின்னக் கண்ணாடியை மாட்டுவார். கிண்ணத்தில் வெந்நீர், வட்டச் சோப்பு, பிரஷ், திருகிப் பிரித்து பிளேடு மாட்டுகிற ஷேவிங் செட், கடைசியில் தேய்க்க ஒரு படிகாரக் கட்டி. முகம் முழுக்க நுரையைப் பூசிக்கொண்டு, கன்னத்தை உப்ப வைத்து, மூக்கைப் பிடித்துத் தூக்கி, கோணல் கோணலாக முகத்தை வைத்துக்கொண்டு சவரம் செய்வார். மீசையை மட்டும் விட்டு வைப்பார். முடி வெட்டத்தான் சலூனுக்குப் போவார். சவரத்துக்கு யார் கையிலும் முகத்தைக் கொடுத்ததில்லை.

“கையும் காலும் மொதலாளிக்கு. மூஞ்சி மட்டும் எனக்கு” என்பார்.

அந்த முகத்தை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்குப் பிறவியிலேயே கூச்சம். அது முற்றிப்போனது அவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு. காபித் தட்டை நீட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்கிறேன். அவர் டம்ளரை எடுத்த உடனே ஆசாரத்தில், அந்த முன்கூடம் முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். சேலை விலகியிருந்ததோ, மூக்கில் கரி இருந்ததோ, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ஓடி வந்தவள்தான். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று மனதில் அப்படியே பதிந்துவிட்டது. யாரிடமும் ஏன் சிரித்தீர்கள் என்று கேட்கவும் வாய் வரவில்லை. அதற்கப்புறம் நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் நான் நிமிர்ந்ததே கிடையாது. வீட்டுக்காரரோடு பேசும்போதும் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் பேசுவேன். நான் அஞ்சாவதோடு நின்றவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் பிசிறைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிட்டு, ஓட்டையோ கறையோ இருந்தால் ரிஜெக்ட் என்று தனியாகப் போட வேண்டும். அந்த வேலைக்கும் குனிந்த தலை வசதியாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை அவர் கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. அவரும் விழுந்தார். வாதம். வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்டன. வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த நாளில் பேச்சு குழறலோடு திரும்பி வந்தது, கால் கொஞ்சம் ஊன்ற வந்தது, கை வரவில்லை. உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஊட்டுக்குள்ளயே உக்கார வெச்சுக்காதீங்கம்மா. தெனமும் தெருவுல நடக்க வெய்யுங்க. இப்ப விட்டுட்டா கால் அப்படியே இறுகிப் போயிரும். அப்பறம் நாம நெனச்சாலும் நடக்க வெக்க முடியாது.”

அவர் தெருவில் இறங்கினால்தானே! வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, ஜன்னலில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னதுதான். தாடி வெள்ளையாக, முள்ளு முள்ளாக வளர்ந்தது. தெரு முனையில் ஒரு டீக்கடை. காலையில் அங்கே போய் பெஞ்சில் ஒரு கால் மணி உட்காராவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. அந்தக் கடை வரைக்கும் நடந்தால் போதும் என்றார் டாக்டரம்மா. நான் கெஞ்சினால் இடது கையால் தாடியைத் தடவிக் காட்டுவார். “இந்த மூஞ்சியோடயா?” என்பார்.

சலூன்காரரை வீட்டுக்குக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அவருக்கு வந்ததே கோபம்.

“எங்கூர்ல ஊட்டுக்கு வந்து செரைக்கறது ரெண்டே பேத்துக்குத்தான். ஒண்ணு கல்யாண மாப்பளைக்கு. நா மாப்பளையா?”

இன்னொன்று யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் தெரியும். கடைசியாகக் குளிப்பாட்டிக் கிடத்துகிறவர்களுக்கு. அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரே பெண். அவளைக் காங்கேயத்தில் கட்டிக் கொடுத்துவிட்டோம். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து செய்கிறேன் என்றார். மருமகன் கையில் மாமனார் முகத்தைக் கொடுப்பதா? அதற்கும் மாட்டேன் என்றுவிட்டார். ஆக மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். அவர் சட்டைப் பொத்தானைத் தாண்டி மேலே பார்க்காத நான்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அந்த ஷேவிங் செட்டைக் கையில் எடுத்தேன். கால் இறுகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னது காதிலேயே நின்றது. கூச்சத்தைப் பார்த்தால் அவர் கால் போய்விடும். கால் வேண்டுமென்றால் கூச்சம் போக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

நேராக அவர் முகத்தில் கை வைக்கப் பயம். சந்தையில் ஒரு சாம்பல் பூசணிக்காய் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்குகிற நேரத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு பிரஷ்ஷால் சோப்பு நுரை பூசி, மெதுவாக பிளேடை இழுத்துப் பழகினேன். கை அழுத்தினால் பச்சையாகக் கீறல் விழுந்து தண்ணீர் கசியும். கசியாமல் இழுக்க வேண்டும். அதுதான் பாடம்.

பக்கத்து வீட்டில் ஒரு திருநெல்வேலிக்காரப் பெண் குடியிருந்தாள். என்னோடு அதே கம்பெனியில் செக்கிங். என்னைவிட இளையவள், வாய் மட்டும் பெரியவள். காய்ந்த துணியை எடுக்க வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏ யம்மா! என்னக்கா செய்யுதிய? பூசணிக்காய்க்குச் சவரமா? இதுக்கு எங்க பொண்ணு பாத்துருக்கிய?”

“மெதுவாப் பேசு கண்ணு. அவர் முழிச்சுக்குவாரு.”

விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க நூல் வெட்டுத மாதிரி நெனச்சுக்கிடுங்க அக்கா. அண்ணாச்சி மொகத்துல இருக்கது முடியில்ல, பிசிறு. அம்புட்டுதான்.”

அவள் விளையாட்டாகச் சொன்னாலும் எனக்கு அது பிடித்துக்கொண்டது. பிசிறு வெட்டுவதுதானே. வருஷக்கணக்காகச் செய்கிற வேலை. பூசணிக்காயைச் சுற்றிச் சுற்றிச் சவரம் செய்து முடித்தேன். வீணாக்கக் கூடாது என்று அன்றைக்கு ராத்திரியே தோல் சீவி மோர்க்குழம்பு வைத்தேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“குழம்புல என்ன, என்ற ஷேவிங் சோப்பு வாசம் வருது?”

“மழைக்கு மூக்கு அடச்சிருக்குங்க. சாப்புடுங்க” என்றேன்.

மறுநாள் காலையில் அவர் முன்னால் முக்காலியைப் போட்டு, வெந்நீர்க் கிண்ணத்தோடு போய் நின்றேன். “நானே பண்ணி உடறனுங்க” என்றேன், பொத்தானைப் பார்த்துக்கொண்டுதான். அவர் இடது கையால் கிண்ணத்தை ஒதுக்கினார். நான் நகரவில்லை. கடைசியில், வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட அலுப்பாக இருந்ததோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் கொடுத்தார்.

நுரையைப் பூசினேன். மூக்கிலும் காதிலும் கொஞ்சம் போனது. புது பிளேடைப் பிரித்து மாட்டினேன். கன்னத்தில் இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு கீறல் இல்லை. எனக்கே ஆச்சரியம். இரண்டு கன்னம், தாடை, கழுத்து எல்லாம் முடித்துவிட்டு, “நோவுதுங்களா?” என்று பெருமையாகக் கேட்டேன். அவர் இடது கையால் முகத்தைத் தடவினார். தாடி வைத்தது வைத்தபடியே இருந்தது. நுரை மட்டும்தான் போயிருந்தது. ஷேவிங் செட்டை வாங்கிப் பார்த்தார்.

“பே... பேப்பர” என்றார். பிளேடைச் சுற்றி மேலே ஒரு தாளும் உள்ளே மெல்லிசாக மெழுகுத் தாள் ஒன்றும் இருக்கும். நான் மேல் தாளை மட்டும் பிரித்திருக்கிறேன். அவர் என்னைத் திட்டவில்லை. “ரிஜெக்ட்” என்றார். என் கம்பெனிச் சொல்லையே என்மேல் போட்டுவிட்டார்.

அதுதான் நான் வசமாகப் பிடித்துக்கொண்ட இடம். “சரிங்க. இனிமே தெனமும் நீங்களே செக்கிங் பண்ணுங்க. என்னிக்கி பாஸ்ங்கறீங்களோ, அன்னிக்கி டீக்கடைக்கு நடந்து போயிட்டு வரோணும். சம்மதமுங்களா?” என்றேன். இவள் கையால் பாஸ் ஆகிற காலம் வரவா போகிறது என்று நினைத்திருப்பார். தலையை ஆட்டினார்.

அதற்கப்புறம் தினமும் காலையில் எங்கள் வீட்டில் இதுதான் வேலை. தாளைப் பிரித்த முதல் நாள் தாடை, காதோரம் என்று கண்ட இடத்தில் ரத்தம். படிகாரத்தைத் தேய்த்ததும் எரிச்சலில் முக்காலியே ஆடியது. ரிஜெக்ட். அடுத்த நாள் கீறல் குறைந்தது, ஆனால் உதட்டுக்குக் கீழே ஒரு பத்தை முடி விட்டுப்போனது. ரிஜெக்ட். அதற்கடுத்து மீசையின் ஒரு முனை கொஞ்சம் குறைந்துபோனது. அன்றைக்கு அவர் பேசவே இல்லை. மற்ற முனையையும் அளவாகக் குறைத்துவிட்டேன். பனியன் கையின் நீளம் இரண்டு பக்கமும் ஒத்து வரவில்லை என்றால் வேறு என்ன செய்வார்கள்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சவரம் செய்கிறவளுக்குப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருக்க வழியில்லை. அவர் கண்ணை மூடியிருக்கிற தைரியத்தில் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். இடது புருவத்தில் ஒரு மச்சம் இருந்தது. அது எனக்குத் தெரியாது. தூக்கிப் பிடித்தால் தாடைக்கு அடியில் நெல் அளவுக்கு ஒரு தழும்பு இருந்தது. அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. பழைய வெட்டு.

“இது எப்பங்க ஆச்சு?” என்று விரலை வைத்துக் கேட்டேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “ரிஜெக்ட்” என்றார். அன்றைக்கு நிஜமாகவே நன்றாகத்தான் செய்திருந்தேன். அப்போது புரிந்துவிட்டது. இவர் குறையைப் பார்த்து ரிஜெக்ட் சொல்லவில்லை, தெருவுக்குப் போகப் பயந்து சொல்கிறார். நான் விடுகிறதாக இல்லை. ஒரு குறையும் சொல்ல முடியாத அளவுக்குச் செய்துவிட்டால் என்ன செய்வார்?

திருநெல்வேலிக்காரப் பெண்ணின் வீட்டுக்காரர் சலூனில் பார்த்ததை அவள் வந்து சொன்னாள். “வெந்நியில துணிய முக்கிப் பிழிஞ்சு மொகத்துல கொஞ்ச நேரம் போத்தி வைக்காவளாம் அக்கா. முடி வெண்ணெயாட்டம் இளகிருமாம்.”

சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று மறுநாள் காலையில் எழுந்தால் வெளியே அடைமழை. ஐப்பசி மழை விடவில்லை. கரண்டும் இல்லை. அந்த வருஷம் எப்போது கரண்ட் போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எப்போதும் முகம் துடைக்கிற வெள்ளைத் துணி கொடியில் சொதசொதவென்று கிடந்தது, ஒரு மாதிரி வாடை வேறு. வீட்டில் கரித்துணிக்காகக் கம்பெனியில் இருந்து எடுத்து வந்த கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை இருந்தது. பனியன் வெட்டியது போக மிஞ்சுகிற துணி. கையை விட்டுத் துழாவினேன். புதுசாக, பஞ்சு மாதிரி மெத்தென்று ஒரு பெரிய துண்டு வந்தது. இருட்டில் கருப்போ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன். கொதிக்கிற வெந்நீரில் முக்கிப் பிழிந்து, மூக்குக்கு மட்டும் வழி விட்டு அவர் முகத்தில் போர்த்தினேன். இதமாக இருந்திருக்க வேண்டும். “ஹும்” என்றார். ஆறியதும் இன்னொரு தடவை முக்கி வைத்தேன். நன்றாக அழுத்தியும் வைத்தேன்.

அப்புறம் நுரை. சிமினி விளக்கு வெளிச்சத்தில் பிளேடை இழுத்தேன். அவள் சொன்னது சரிதான். வெண்ணெய்தான். கை பழகியும் இருந்தது. இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே போனேன். முடிந்ததும் அதே துணியால் துடைத்தேன். படிகாரத்தைத் தண்ணீரில் நனைத்து முகம் முழுக்கத் தாராளமாகத் தேய்த்தேன். அவர் எரிச்சலில் துள்ளவில்லை. ஒரு கீறல்கூட இல்லை என்று அர்த்தம்.

அவர் இடது கையால் தடவிப் பார்த்தார். கன்னம், தாடை, கழுத்து, உதட்டுக்குக் கீழே. திரும்ப ஒரு தடவை.

“ம். பாஸ்” என்றார்.

மழை விட்டிருந்தது. சொன்ன சொல் மாறுகிற மனுஷர் இல்லை அவர். வேட்டியை மாற்றிவிட்டேன். ஊன்றுகோலை இடது கையில் பிடித்துக்கொண்டு, வாசல்படியில் வலது காலை இழுத்து இழுத்து இறங்கினார். நான் இரண்டடி பின்னால், குடையும் கையுமாக, தலையைக் குனிந்துகொண்டே போனேன். கோடு போட்ட மாதிரி அந்தக் கால் ஈர மண்ணில் இழுத்துக்கொண்டு போன தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடக்கிறார், நடக்கிறார் என்று மனதுக்குள் ஒரே கூத்து. டீக்கடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே கரண்ட் போஸ்ட் மரத்தடியில் நின்றுகொண்டேன். ஆம்பிளைகள் உட்காருகிற இடத்துக்கு நான் போனதில்லை.

அவர் போய் நின்றதும் கடையில் பேச்சு அடங்கியது. அப்புறம் யாரோ ஒருத்தர் இருமுவது மாதிரி ஆரம்பித்தார். அடுத்து ஒருத்தர். பிறகு பெஞ்சு முழுக்கக் குபீரென்று சிரிப்பு.

டீக்கடைக்காரர் குரல் கேட்டது. “வாங்கண்ணா, வாங்கண்ணா! எத்தன நாளாச்சு பாத்து! ஏனுங்கண்ணா, பட்டறைக்குப் போக முடியலீன்னு ஊட்டுலயே பட்டறை போட்டுட்டீங்களாட்ட இருக்குது?”

நிமிர்ந்து பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் அப்போதுதான் பார்க்கிறேன். நீலம். கண்ணுக்குக் கீழே இருந்து கழுத்து வரைக்கும் நல்ல நேவி புளூ. வெள்ளை மீசை நீல மீசையாக இருந்தது. மூக்கு மட்டும் தன் நிறத்தில் தனியாக நின்றது. குடையைப் பிடித்திருந்த என் கையும் நீலம், நடக்கிறார் என்ற சந்தோஷத்தில் அதைக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கட்டிங் வேஸ்ட் துணி சரியாகச் சாயம் பிடிக்காமல் கழித்துவிட்ட துணி போல. கொதிக்கிற தண்ணீர் பட்டதும் அதில் இருந்த சாயமெல்லாம் முகத்தில் இறங்கிவிட்டது.

அவருக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. வாய் கோணியிருப்பதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் அப்படியே இறுகிப்போனது. பிறகு வடை வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டிப் பக்கம் குனிந்தார். விழுந்த நாளில் இருந்து கண்ணாடியே பார்க்காத மனுஷர், வடைகளுக்கு நடுவே தன் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். டீயை வாங்கிக் குடித்தார். திரும்பி, என்னைத் தாண்டி, வீட்டைப் பார்த்து நடந்தார்.

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. முடிந்தது, இனி இந்த ஜென்மத்தில் வாசல்படி இறங்க மாட்டார், கால் இறுகிவிடும், அதற்கு நான்தான் காரணம். வீட்டுக்கு வந்ததும் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன், கடலை மாவு போட்டுத் தேய்த்தேன், துணிச் சோப்பும் போட்டுத் தேய்த்தேன். நீலம் கொஞ்சம் வெளுத்ததே தவிரப் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

சத்தம் கேட்டு வந்த திருநெல்வேலிக்காரப் பெண் வாசலில் நின்று பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் பயனில்லை. “அண்ணாச்சி, கோயில் நாடகத்துல கிருஷ்ணர் வேசத்துக்கு ஆள் வேணும்னு கேட்டாவ. நேரா அனுப்பிரலாம் போல இருக்கே” என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் ஓடிப் போனாள். அங்கே போய் அவள் சிரித்தது சுவரைத் தாண்டிக் கேட்டது.

அவர் என் கையில் இருந்த துணியை வாங்கிக் கீழே வைத்தார்.

“தேச்சது போதும் புள்ள. அது போகாது” என்றார். பேச்சு குழறினாலும் அன்றைக்குத் தெளிவாக வந்தது. “சூட்டுல சாயம் ஏத்தி, மேல படிகாரத்த வேற தேச்சு, சாயம் போகாம நிக்கறதுக்கு பிக்ஸிங்கே பண்ணிட்டயே. எங்க பட்டறைல இத்தன நல்லாப் புடிச்சதில்ல.”

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அத்தன பேரும் சிரிச்சாங்களேங்க” என்றேன்.

“சிரிக்கட்டும். இந்தத் தாடையப் பாத்து ஊரு சிரிக்கறது இன்னிக்கி ஒண்ணும் புதுசில்ல.” தாடையைத் தூக்கி, அடியில் இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினார். “இது எப்ப ஆச்சுன்னு கேட்டயில்ல? உன்னப் பொண்ணுப் பாக்க வந்த அன்னிக்கி ஆச்சு.”

அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முதல்நாள் ராத்திரி தாராபுரத்தில் சிநேகிதன் வீட்டில் தங்கி, அன்றைக்கு விடிகாலையில் புறப்பட்டிருக்கிறார். சொந்த ஷேவிங் செட் கையில் இல்லை. பெண் பார்க்கப் போகிற அவசரத்தில் சிநேகிதனுடையதை வாங்கிச் சவரம் செய்தபோது தாடைக்கு அடியில் ஆழமாக வெட்டிவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. செய்தித்தாள் ஓரத்தைக் கிழித்து ஒட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஒட்டிய தாளை அப்படியே மறந்துபோனார்.

“நீ காப்பி நீட்டுனயா. நா குனிஞ்சு எடுத்தனா. காகிதம் பொத்துனு டம்ளருக்குள்ள உழுந்திருச்சு. அத்தன பேரும் பாத்துட்டாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. காகிதத்தோடயே குடிச்சுப் போட்டேன். அதுக்குத்தான் சிரிச்சாங்க.”

“என்னப் பாத்துச் சிரிக்கலீங்களா?”

“உன்ன எதுக்குச் சிரிக்கறாங்க? நீதான் தலையவே தூக்கலயே. தூக்கிப் பாத்திருந்தா நீயும் சிரிச்சிருப்ப.” தழும்பைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். “நீ பாக்கலைன்னு எனக்கு அப்ப ஒரே நிம்மதி. அதான் சொல்லாமயே உட்டுட்டேன்.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒரு காகிதத் துண்டுக்காக நான் தலை குனிந்து கழித்த காலத்தை நினைத்தேன். அது முழுக்க என்மேல் விழாத சிரிப்பு. எதிரே பார்த்தால் நீல முகமும் நீல மீசையுமாக அவர் உட்கார்ந்திருக்கிறார். கோணின வாயில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு ஏறியிருக்கிறது. எனக்கும் வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன், சட்டைப் பொத்தானை அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் அடங்கியிருந்தவள் எங்கள் சத்தம் கேட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

சிரித்தாலும் உள்ளே பயம் போகவில்லை. வீட்டுக்குள் சிரிப்பது வேறு, மறுபடி அந்த பெஞ்சில் போய் உட்காருவது வேறு. நாளைக்கு என்ன சொல்வாரோ என்றுதான் படுத்தேன்.

காலையில் எழுந்து வந்து பார்த்தால், அவர் எனக்கு முன்னாலேயே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இடது கையாலேயே துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த கண்ணாடி நேராக இருக்கிறது. முகத்தில் நேற்றைய நீலம் திட்டுத் திட்டாக மிச்சம்.

“இன்னிக்கி என்ன கலரு?” என்றார்.

அன்றைக்கும் டீக்கடைக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். கடைக்காரர் தினமும் “இன்னிக்கி என்ன சேடுங்கண்ணா?” என்று கேட்பதும், இவர் குழறலாக ஏதோ ஒரு சாயத்தின் பெயரைச் சொல்வதும், பெஞ்சு சிரிப்பதும் வழக்கமாகிவிட்டது. நீலம் முழுக்கப் போகிறதற்குள் அவர் கால் கோடு இழுக்காமல் எட்டு வைக்க ஆரம்பித்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்டார். சாயம் ஏற்றினோம் என்று சொல்லவா முடியும்? சும்மா சிரித்துக்கொண்டு நின்றேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. வலது கை முழுசாக வரவில்லை. இடது கையாலேயே சவரம் செய்யப் பழகிக்கொண்டார். பேரன் கரண்டில் ஓடுகிற மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தான். அது டப்பாவைவிட்டு வெளியே வந்ததில்லை. கன்னம் இரண்டையும் அவரே பார்த்துக்கொள்கிறார். தாடைக்கு அடியில் மட்டும் இடது கை சரியாகத் திரும்புவதில்லை. அந்த இடம் வந்ததும் செட்டை என்னிடம் நீட்டிவிட்டு முகத்தைத் தூக்கிக் கொடுப்பார். தழும்பைச் சுற்றி நான் இழுத்து முடித்ததும் தடவிப் பார்த்து, பாஸ், ரிஜெக்ட் எல்லாம் இன்னும் உண்டு. அந்த ஒரு இடத்தை அவரால் முடியாமல் விடுகிறாரா, எனக்கென்று விட்டு வைக்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

எங்கேயாவது நான்கு பேர் கூட்டமாகச் சிரித்தால் இப்போதும் என் தலை பழக்கத்தில் குனியப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிமிர்த்தி, யார் டம்ளரில் காகிதம் விழுந்தது என்று பார்க்கிறேன்.